எட்டுச் சோடி செருப்பு

“நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்.”

அத்தை வாழ்நாளில் அதிகமாகச் சொன்ன சொல் இதுவாகத்தான் இருக்கும். கோயில் வாசலில் சொல்வார், ஆஸ்பத்திரி வாசலில் சொல்வார், யட்டியாந்தோட்டை பஸ் நிலையத்தில் அவசரத்துக்கு ஒதுங்க இடம் தேடுகிறவர்களிடம் சொல்வார். சொல்லிவிட்டு நம் பையோ குடையோ குழந்தையோ, கையில் இருப்பதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். திரும்பி வரும்போது வைத்தது வைத்தபடி இருக்கும். குழந்தையாக இருந்தால் தூங்கியிருக்கும்.

சொந்தத்தில் அவர் எனக்கு அத்தை இல்லை. எங்கள் லயத்தில் மொத்தம் பத்துக் காம்பிரா, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து ஒற்றையறை வீடு. எங்களுடையது நாலாவது, அவருடையது ஐந்தாவது. நடுவில் ஒரு சுவர்தான். அம்மா மிளகாய் தாளித்தால் அவர் தும்முவார், அவர் புருசன் இருமினால் நாங்கள் விழித்துக்கொள்வோம். அப்படி இருக்கிறவரை அத்தை என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது. பேர் இங்கே வேண்டாம். பேரைச் சொன்னால் எங்கள் தோட்டத்திலேயே பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது. செருப்புப் பார்த்துக்கொள்கிற அக்கா என்றால்தான் தெரியும்.

செருப்புக் கதை மாரியம்மன் கோயிலில் தொடங்குகிறது. எங்கள் கோயில் சிறியது. திருவிழா அன்று மேல் டிவிசன், கீழ் டிவிசன் இரண்டும் வந்துவிடும், கீழே சிங்களக் கிராமத்திலிருந்தும் வருவார்கள். எல்லாரும் ஒரே பஜாரில் ஒரே கடையில் வாங்கிய ரப்பர் செருப்பு. போதாக்குறைக்கு எங்கள் பக்கத்து மழை. வாசலில் அது குவிந்தால் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர் கையில் ஒரு கால் சிவப்பும் ஒரு கால் நீலமுமாகத்தான் மிஞ்சும். அத்தை பலா மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வருகிற செருப்பையெல்லாம் சோடி சோடியாக, குடும்பம் குடும்பமாக அடுக்கி வைப்பார். அடையாளத் துண்டு கிண்டு ஒன்றும் கிடையாது, எல்லாம் ஞாபகத்தில்தான். கிராமத்துப் பெண்கள் “அக்கே, மேக பலாகன்னகோ”, அக்கா இதையும் பார்த்துக்கொள்ளுங்கள், என்று சிங்களத்தில் சொல்லிக் குடையையும் நீட்டுவார்கள். “ஹரி நங்கி, யன்ன”, சரி தங்கச்சி போ, என்று அதையும் வாங்கி ஓரமாகச் சாத்துவார். உள்ளே தீபாராதனை மணி கேட்டதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் கூப்புவார்.

பூசாரி கடைசியாகத் தட்டை வெளியே கொண்டுவந்து அவருக்குத் திருநீறு கொடுப்பார். “வருசா வருசம் நான்தான் வெளிய வர வேண்டியிருக்கு. ஒரு தடவ நீங்க உள்ள வந்தா என்னாங்க?” என்பார்.

“நான் இங்கன இருக்கிறது அம்மாளுக்குத் தெரியும்ங்க சாமி.”

எங்கள் தோட்டம் ரப்பர் தோட்டம். அத்தைக்குப் பால் வெட்டு வேலை. காலையில் மணியடித்து ஆள் கணக்கெடுக்கிற பிரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலையேறி, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டை வைத்து, பத்து மணிக்குமேல் திரும்பவும் மரத்துக்கு மரம் போய்ப் பாலைச் சேர்த்து வாளியில் கொண்டுவர வேண்டும். நிறுக்கிற இடத்தில் வரிசை நீளமாக இருக்கும். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைக் காம்பிராவுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரவேண்டும். அவர்கள் வாளியெல்லாம் அத்தையைச் சுற்றித்தான் நிற்கும். ஒரு சொட்டுக் குறைந்தது, யாரோ தண்ணீர் கலந்தது என்று ஒரு பேச்சு வந்ததில்லை. “ஒங்கள வாட்சராப் போட்டிருக்கலாம், பால் வெட்டவிட்டது தோட்டத்துக்கு நட்டம்” என்று கங்காணி கிண்டல் பண்ணுவார். அத்தை சிரிப்பார். சிரிக்கும்போது வாயைப் புறங்கையால் மூடிக்கொள்வார், அது அவர் பழக்கம்.

அவர் சிரிப்பு ஒரே ஒரு இடத்தில்தான் மூடாமல் இருந்தது. அவர் வீட்டில் சாமிப் படங்களுக்குக் கீழே மாட்டியிருந்த போட்டோவில்.

அத்தை மூன்று வருடம் சவூதியில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் வெயில் காலத்துக்கு மொரோக்கோவுக்குப் போவார்களாம். பிள்ளைகளைப் பார்க்க அத்தையையும் கூட்டிப்போவார்கள். காசாபிளாங்கா என்ற துறைமுக ஊர், அதன் ஓரத்தில் ஐன் டியாப் என்று ஒரு கடற்கரைப் பகுதி. அந்தப் பேரை அத்தை அழகாகச் சொல்வார், தேவாரத்தில் வருகிற ஊரோ என்று நினைக்கத் தோன்றும். போட்டோ அங்கே எடுத்தது. பின்னால் கடல். முன்னால் உட்காருகிற உயரத்தில் ஒரு கட்டை மதில். மதிலில் அத்தை வாயை மூடாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், மதில்மேல் வரிசையாக, எட்டுச் சோடி செருப்பு.

அந்த எட்டுச் சோடியை எங்கள் லயத்தில் எண்ணாதவர்கள் இல்லை. தங்க நிற வார் வைத்தது ஒன்று, குதி உயர்ந்தது ஒன்று, பூப் போட்டது, ஆம்பிளைச் செருப்பு மாதிரித் தோலில் ஒன்று, சின்னச் சின்னதாகச் சில. “சின்னதெல்லாம் எதுக்குடி வாங்கினா?” என்று ஒருத்தி கேட்டால், “ஊருக்குக் கொண்டாந்து புள்ளைங்களுக்குக் குடுக்கத்தான்” என்று இன்னொருத்தி பதில் சொல்வாள். கொண்டுவரவில்லையே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சோடி மாற்றிப் போட்டுக்கொண்டு கடல் பார்த்த மகாராணி என்று முடிவு செய்துவிட்டோம். அத்தை ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. “கடல் நல்லா இருக்கும்” என்பார், அவ்வளவுதான்.

கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறையச் சொல்வார். மழைக்குப் பால் வெட்டு இல்லாத நாட்களில் அவர் வீட்டு வாசலில் நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்போம். ரெயில் மாதிரி ஒரு வண்டி ரோட்டிலேயே ஓடிவந்து கடலோரம் ஆட்களை இறக்கிவிடும். காலையில் கடலிலிருந்து பனி ஏறிவந்து எல்லாத்தையும் மூடிவிட்டுப் பிறகு மெல்லக் கலையும். தண்ணீர் இறங்கிப்போனால் நம்ம தோட்டத்து மைதானத்தைப் போல இருபது மடங்கு மணல், அதில் பொடியன்கள் பந்தடிப்பார்கள். குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். தட்டிலே அடுக்கிய உருண்டைப் பலகாரம் விற்பார்கள், உளுந்துவடை மாதிரி நடுவில் ஓட்டை, ஆனால் இனிப்பு. தூரத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்ச வீடு, கப்பலுக்கு வழி காட்டுமாம். பெரிய வீட்டு ஆட்களும் வருவார்கள், ஒன்றுமில்லாத ஆட்களும் வருவார்கள், எல்லாரும் மெதுவாக நடப்பார்கள்.

“யாருக்குமே அவசரம் கெடையாது. பிரட்டு மணி கேக்காத ஊரு” என்பார்.

எங்களுக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. எங்கள் அப்பாக்கள் அம்மாக்கள் யாரும் மெதுவாக நடந்து நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு தடவை தோட்டத்து வாலிபர் சங்கம் பஸ் பிடித்து முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போய்விட்டு, வருகிற வழியில் நீர்கொழும்பில் கடலுக்கு இறக்கிவிட்டது. எனக்குப் பதின்மூன்று வயது. லயத்துப் பெண்கள் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்து, அலை வரும்போதெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு நின்றார்கள். அத்தை கரையில் கவிழ்த்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில், எல்லாருடைய செருப்பு, துணி, பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்களேன் அத்தை. ஒங்களுக்குத்தான் கடல் பழக்கமாச்சே” என்றேன்.

“பழக்கம்தான் தம்பி. நீ போயிட்டு வா, நான் இருக்கேன்.”

என் அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தை எழுந்து இரண்டு மூன்று எட்டு வைத்தார். பிறகு திரும்பிப் பைகளைப் பார்த்தார். கையை விடுவித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். “விடுடி, அவங்க பெரிய கடல்லயே கெடந்தவங்க. இதெல்லாம் அவங்களுக்கு எம்மாத்திரம்” என்றார் என் அம்மா. எல்லாரும் சிரித்தோம், அத்தையும் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

என் அக்கா செல்வி என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, கொழும்பில் ஹோட்டல் சமையல் படிக்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் சம்பளத்தில் நான் படிக்கிற படிப்பு அது இல்லை. அப்போது கேகாலையிலிருந்து ஒரு ஏஜென்ட் லயம் லயமாக வந்து போனார். அக்கா அடிக்கடி ஐந்தாவது காம்பிராவுக்குப் போய் அந்தப் போட்டோவின் முன்னால் நிற்பாள். ஒரு நாள் வந்து, “நானும் வெளிநாட்டு வேலைக்குப் போறேன்மா” என்றாள். அம்மா அழுதார். நான் அழவில்லை. “வர்றப்ப எனக்கும் ஒரு சோடி நல்ல செருப்பு வாங்கிட்டு வா” என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதுதான் நான் சொன்னது.

அக்கா அனுப்பிய காசில் நான் கொழும்பில் சேர்ந்தேன். எட்டு மாதம் போனபின் அவளிடமிருந்து போன் வரவில்லை. ஒன்றரை வருடத்தில் அவளே வந்தாள். வேலை செய்த வீட்டில் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இடது மணிக்கட்டு உடைந்து, கோணலாகவே கூடியிருந்தது. அதைவிட எங்களுக்குத் தாங்காதது வேறு ஒன்று, அவள் உட்காரவில்லை. அடுப்பு மூலையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். “உக்காருடி, ஒன் வீடுடி இது” என்று அம்மா சொல்லச் சொல்ல, சரி சரி என்று நின்றாள். அப்படிப் பல வாரம்.

அந்த நாட்களில் அத்தை காலையில் ஒரு குவளையில் கொலகெந்த, இலைச்சாறு விட்ட கஞ்சி, காய்ச்சி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். அம்மா முகம் கொடுத்துப் பேச மாட்டார். அத்தை உள்ளே வரமாட்டார், வெளியே படியில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே போய் அவர் பக்கத்தில் உட்காருவாள். அவள் முதலில் உட்கார்ந்த இடம் அந்தப் படிதான். லீவுக்கு வந்திருந்த நான் இதைப் பார்த்து எரிச்சல் பட்டேன். செய்வதையும் செய்துவிட்டு வெட்கமில்லாமல் கஞ்சி கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். யாரையாவது குறை சொல்லாவிட்டால் என்னையே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும், அதுதான் உண்மை. ஆனால் பத்தொன்பது வயதில் அந்த உண்மையெல்லாம் எட்டாது.

அந்த வருடத் திருவிழாவில் அத்தை வழக்கம்போல் பலா மரத்தடியில் இருந்தார். நான் போனதும் கையை நீட்டினார். “கழட்டி வச்சிட்டுப் போ தம்பி.”

“ஒங்ககிட்ட விடமாட்டேன்” என்றேன்.

சுற்றி ஆட்கள் இருந்தார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை. “எட்டுச் சோடி செருப்பு போட்டுக்கிட்டு மகாராணி மாதிரிக் கடல் பாத்தீங்க. அந்தப் படத்தக் காட்டிக் காட்டித்தான் எங்கக்காவ அனுப்பினீங்க. அவ எப்பிடி வந்திருக்கான்னு பாத்தீங்கல்ல? ஊரெல்லாம் பொய் சொல்லிட்டு இங்க வந்து ஊர் செருப்பக் காவல் காக்குறீங்க.”

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். “மழ வரப்போவுது. நீ போயிச் சாமி கும்பிட்டு வா” என்றார்.

நான் செருப்பைத் தூரத்தில் ஒரு கல்லுக்குப் பின்னால் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வரும்போது இல்லை. மழையில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் காலையில் என் செருப்பு எங்கள் வாசலில் இருந்தது, சேறு போகக் கழுவி, சுவரில் சாத்தி. நாய் கவ்விக்கொண்டு போயிருக்க வேண்டும், அத்தை எங்கே தேடி எடுத்தாரோ தெரியாது. நான் நன்றி சொல்லவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினேன்.

பிறகு படிப்பு முடிந்து, ஹோட்டலில் இருந்து, கப்பலில் சமையல்காரனாக வேலை கிடைத்தது. புறப்பட்ட அன்று லயத்து ஆட்கள் எல்லாரும் ரோட்டுக்கு வந்தார்கள். நான் பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிட்டுக்கொண்டு போனபோது யாரோ என் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தால் அத்தை. முடி முழுக்க நரைத்திருந்தது. அவர் காலில் மட்டும் நான் விழவில்லை. நான் த்ரீவீலரில் ஏறியதும் பையை என் மடியில் வைத்தார்.

“போயிட்டு வா தம்பி, நான் இருக்கேன்” என்றார்.

நான் டிரைவரிடம், போகலாம் என்றேன். இரண்டாவது வருடம், கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது அவர் செத்துப்போனார். நெஞ்சுவலி என்றாள் அக்கா. அடக்கத்தன்று விடாத மழையாம், வந்தவர்களின் செருப்பெல்லாம் வாசலில் ஒன்றோடொன்று கலந்துபோய், பாதிப் பேர் யாரோ ஒருவருடையதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்களாம்.

போன மாதம் எங்கள் கப்பல் காசாபிளாங்கா துறைமுகத்துக்கு வந்தது. பொஸ்பேட் ஏற்ற வந்தோம். அதைத்தான் உரமாக்குவார்களாம். கப்பல் முழுக்க வெள்ளைத் தூசி, குசினியில் வைத்த சோற்றுப் பானையை மூடி மூடி எனக்குப் பைத்தியம் பிடித்தது. மூன்றாம் நாள் அரை நாள் லீவு கொடுத்தார்கள். மற்றவர்கள் சாமான் வாங்கப் பஜாருக்குப் போனார்கள். நான் தனியாக வெளியே வந்து நின்றேன். ரோட்டில் ரெயில் மாதிரி ஒரு வண்டி வந்தது. அதன் நெற்றியில் ஐன் டியாப் என்று எழுதியிருந்தது.

ஏறினேன். உண்மையைச் சொன்னால் அவர் சொன்னதெல்லாம் பொய்யா என்று பார்க்கத்தான் ஏறினேன். இத்தனை வருடம் ஆகியும், ஆள் மண்ணுக்குள் போயும், எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

வண்டி கடலோரம் இறக்கிவிட்டது. பகல் இரண்டு மணி. பனி இல்லை, வெயிலும் சுடவில்லை. தண்ணீர் இறங்கிக் கிடந்தது, மணலில் நாலைந்து இடத்தில் பொடியன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குதிரையை நடத்திக்கொண்டு போனான். இன்னொருவன் தட்டோடு வந்தான், ஒன்று வாங்கிக் கடித்தேன், நடுவில் ஓட்டை, இனிப்பு. தூரத்தில் வெள்ளை வெளிச்ச வீடு. தலைக்குச் சீலை கட்டிய கிழவிகள், கைகோத்த சோடிகள், பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கிய கிழவர் ஒருவர், எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். அத்தை ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நல்ல இடத்தில் இருந்திருக்கிறார் என்று.

இன்னும் கொஞ்சம் நடந்தேன். ஓரிடத்தில் நடைபாதைக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு கட்டை மதில் ஓடியது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாவது காம்பிராவில் சாமிப் படத்துக்குக் கீழே ஆயிரம் தடவை பார்த்த மதில்.

மதிலில் நாலு பெண்கள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே மாதிரி நீளச் சட்டை, முன்னால் ஏப்ரன். ஒருத்தி மடியில் குழந்தை தூங்கியது. இன்னொருத்தி மடியில் இரண்டு கைப்பை, ஒரு கண்ணாடி, ஒரு போன். ஒவ்வொருத்தி பக்கத்திலும் மதில்மேல் வரிசையாகச் செருப்பு. பெரியது, சின்னது, தங்க நிற வார் வைத்தது, தோலில் ஆம்பிளைச் செருப்பு. செருப்புக்குச் சொந்தக்காரர்கள் தூரத்தில் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

நானும் மதிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் எங்களுக்குச் சொன்ன எல்லாமே அந்த மதிலிலிருந்து தெரிகிற சங்கதிகள்தான். வண்டி, குதிரை, பந்து, வெளிச்ச வீடு. தண்ணீர் சூடா குளிரா, காலடியில் மணல் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

அக்காவுக்கு வீடியோ கால் எடுத்தேன். அவள் இப்போது கல்யாணமாகித் தெரணியகலையில் இருக்கிறாள், புருசன் த்ரீவீலர் ஓட்டுகிறார். அங்கே விளக்கு வைக்கிற நேரம். நான் போனைத் திருப்பி மதிலைக் காட்டினேன், பெண்களைக் காட்டினேன், செருப்பு வரிசையைக் காட்டினேன்.

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, “அந்த மதில்தான்டா அது” என்றாள்.

“ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். நான் போறதுக்கு முந்துன நாள் பீலித் தண்ணியில குளிக்கப் போனப்ப அத்தை வந்தாங்க. அந்தச் செருப்பு ஒன்னுகூட என்னோடது இல்ல செல்வி, எல்லாம் அந்த வீட்டாளுங்களோடது, மூணு வருசமும் நான் மதிலவிட்டு எறங்கினதில்லன்னு சொன்னாங்க. வீட்டுக்குள்ள பட்டதையும் சொன்னாங்க. முதுகக் காட்டினாங்கடா. போகாதடின்னு கெஞ்சினாங்க.”

“அப்பறம் ஏன் போன?”

“வேற வழி என்னா இருந்துச்சு? ஒன்னயப் படிக்கவைக்கணும். இதெல்லாம் தெரிஞ்சா அம்மா விடாது, நீயும் படிக்க மாட்டேம்ப. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவங்க கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டேன்.”

மணலில் யாரோ ஒரு பொடியன் கோல் போட்டுவிட்டான், சத்தம் கேட்டது.

“அக்கா, நான் திருவிழாவுல அவங்கள என்னா சொன்னேன் தெரியுமா?”

“தெரியும். அன்னைக்கே யாரோ வந்து சொல்லிட்டாங்க. நான் அழுதுகிட்டு அத்தைகிட்ட ஓடினேன், தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்னு. விட மாட்டேன்னுட்டாங்க. இப்பச் சொன்னா தம்பி படிப்ப விட்டுட்டு வந்து ஒக்காந்துக்கும், போயி ஆளாயி வரட்டும், அது வரைக்கும் அந்தக் கோவம் எங்கிட்டயே இருக்கட்டும்னாங்க.”

நான் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, பக்கத்தில் மதிலில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கறுப்பாக, அத்தை வயதில் இருந்தாள், எந்த நாட்டுக்காரியோ தெரியாது. அத்தை உயிரோடு இருக்கும்போதே ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்க நினைத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது. இரண்டு தடவை லீவில் வந்தபோதும் அத்தை வாசலில் நின்றார், நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனேன். ஒரு வார்த்தை நான் பேசியிருந்தால், அவர் பார்த்து வைத்திருந்த உண்மையை எடுத்துக் கொடுத்திருப்பார்.

“தண்ணியில கால நனச்சியாடா?” என்றாள் அக்கா.

“இல்ல.”

“போ. போயி நனச்சிட்டு வா. போன அங்கனயே வச்சிட்டுப் போ, நான் இருக்கேன்.”

சப்பாத்தைக் கழற்றி மதில்மேல் வைத்தேன். போனை அதன்மேல் சாய்த்து வைத்தேன், அக்காவின் முகம் கடலைப் பார்க்கிற மாதிரி. பக்கத்துப் பெண் நான் கேட்காமலேயே கையை நீட்டி, என் சப்பாத்தைத் தன் வரிசையின் கடைசிக்கு நகர்த்திவைத்துக்கொண்டாள். போ என்று தலையை ஆட்டினாள்.

மணல் ஈரமாக, இறுகிக் கிடந்தது. தண்ணீர் வரை நடக்கவே நேரம் பிடித்தது. அலை வந்து முழங்கால் வரை ஏறியது. வெயில் அடித்தும் தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. அத்தை மூன்று வருடம் பார்த்துக்கொண்டே இருந்த தண்ணீர். சுற்றி ஒருவருக்கும் தமிழ் புரியாது என்ற தைரியத்தில், “மன்னிச்சிருங்க அத்தை” என்று வாய்விட்டே சொன்னேன். இன்னொரு அலை வரும்வரை நின்றேன். திரும்பிப் பார்த்தபோது மதிலில் செருப்பு வரிசையும், கடைசியில் என் சப்பாத்தும், அதன்மேல் போனும் வைத்தது வைத்தபடி இருந்தன.